வெர்லின் வீட்டு மீன் காபி

வெர்லின் ஸ்கோக்மோவின் வீட்டுக் காபியில் மீன் வாசம் அடிக்கும் என்பது நோர்டால் ஊரில் வெர்லினைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஏதோ லேசாக, மூக்கு நீளமானவர்களுக்கு மட்டும் தெரிகிற வாசம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் மடக்கு காபி, இரண்டாம் மடக்கு ஏரி. மூன்றாவது மடக்குக்கு நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

மனிதர் நல்லவர். அதில் சந்தேகமே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். வடக்கு மினசோட்டாவில் அது ராணுவத்தில் இருப்பதற்குச் சமம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பனி விழுந்தால் விடிவதற்குள் சர்ச் வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, அப்படியே தெருவில் நாலு வீட்டு வாசலையும் தள்ளிவிட்டு, யாராவது நன்றி சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்து ஓட்டமாக ஓடி வந்துவிடுவார். இப்படிப்பட்டவரிடம் போய் "உங்க காபி நாறுது" என்று யார் சொல்வது?

தப்பெல்லாம் அந்த ஃப்ரீசரால் வந்தது. அவருடைய கராஜில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஃப்ரீசர் இருந்தது. அதில் ஏரியில் பிடித்த மீன் துண்டுகள், மான் கறி, போன கோடைக்கு முந்தின கோடையில் பறித்த புளூபெரி, மகள் ஜனெலின் கல்யாணக் கேக்கில் ஒரு துண்டு, ஒரு பழைய ஹாலோவீன் பனிப்புயலின்போது உருட்டின பனி உருண்டை ஒன்று. ஆமாம், பனி உருண்டைதான். வெளியே ஆறு மாதம் பனி கொட்டிக் கிடக்கிற ஊரில், பனியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மின்சாரம் செலவழித்துக் காப்பாற்றுகிற மனிதர் அவர். ஜனவரியில் கராஜ் அந்த ஃப்ரீசரை விடக் குளிராக இருக்கும். அப்போது அதற்குள் வைத்தால் சாமான்கள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்குமே என்று கூட வைப்பார். குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்பது அவருடைய மதம். லூத்தரன் சபையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மனைவி ஆர்டிஸ் இருந்தவரை காபி அவள் பொறுப்பில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவாள், மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அலமாரிக்குள் வைப்பாள், தீர்ந்ததும் மறுபடி வாங்குவாள். அவள் போய் ஐந்து வருடம் ஆகிறது. அவள் போன முதல் குளிர்காலத்தில் வெர்லின் தள்ளுபடி விலையில் மூட்டை மூட்டையாகக் காபித்தூளை வாங்கி, ஃப்ரீசரில் மீனுக்கு அடியில் அடுக்கிவிட்டு, இத்தனை வருடம் இந்த யோசனை ஆர்டிஸுக்கு வரவில்லையே என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

தினமும் காலையில் பைஜாமா மேல் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போவார். மீன்களைத் தள்ளிவிட்டுக் காபிப் பையை உருவி எடுப்பார். சூடான சமையலறைக்குள் கொண்டு வந்து பிரிப்பார். ஐந்து கரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, பை வேர்த்து விறுவிறுக்கும் வரை வானொலியில் வானிலை கேட்பார். பிறகு பையின் வாயைச் சுருட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பைப் போட்டு, திரும்ப மீனுக்கு அடியில் செருகுவார். இப்படி ஒரே பை ஒன்றரை மாதம் போய் வந்து போய் வந்து, கடைசியில் தூளின் மேல் சர்க்கரை தூவின மாதிரி ஐஸ் பூத்திருக்கும். "பாரு, எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்பார்.

இது எப்படி ஐந்து வருடம் நடந்தது என்று கேட்டால், எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே யாருக்கும் வாய் கிடையாது. இருக்கிறது, ஆனால் அது சாப்பிடவும் வானிலை பேசவும் மட்டும்தான். வீடு பற்றி எரிந்தால் "இன்னிக்கு உள்ள கொஞ்சம் கதகதப்பா இருக்கு" என்பார்கள். எங்களிடம் உச்சகட்டப் பாராட்டு "மோசமில்லை". உச்சகட்டத் திட்டு "வித்தியாசமா இருக்கு". பாஸ்டர் ஒரு நாள் வெர்லின் வீட்டுக்கு வந்து, ஒரு மடக்கு குடித்து, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, "ரொம்ப வித்தியாசமா இருக்கு வெர்லின்" என்றார். சபையின் தலைவரே இவ்வளவு கடுமையாகப் பேசியதை ஊரே கேட்டுத் திகைத்தது. வெர்லின் மட்டும் அவர் புதுக் கோப்பையைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

சரி, இப்போது கிளெனிஸ் ஹாகரூட் விஷயத்துக்கு வருகிறேன்.

கிளெனிஸ் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஆள் சின்ன உருவம், குரல் அதைவிடச் சின்னது. ஆனால் ஆர்கனில் உட்கார்ந்து மிதிகட்டையில் காலை வைத்தாரென்றால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனுக்குப் பல் ஆடும். வியாழக்கிழமைகளில் அவர் சர்ச்சில் தனியாக வாசித்துப் பழகுவார். அந்த நேரம் பார்த்து வெர்லினுக்கும் சர்ச் வாசலில் தள்ளுவதற்குப் பனி இருக்கும். பனி இல்லாத வியாழக்கிழமைகளில் இருந்த பனியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுவார். பிறகு "குளிருதே, ஒரு காபி?" என்பார். கிளெனிஸ் வருவார்.

காபி கொடுப்பதற்கும் எங்களிடம் முறை உண்டு. முதல் தடவை கேட்டால் "ஐயோ, வேணாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை "சரி, அரை கப்" என்று சொல்லி முழுக் கப் வாங்கிக்கொள்ள வேண்டும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் கப்பில் கிளெனிஸ் இந்த முறை தவறவே மாட்டார். சிக்கல் இரண்டாவது கப்பில். முதல் கப்பைக் கையில் வைத்துச் சூடு காய்வார், பேசுவார், சிரிப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு பாதி குடிப்பார். "இன்னொரு கப்?" என்று வெர்லின் கேட்டால் வேண்டாம். இரண்டாவது தடவை, வேண்டாம். மூன்றாவது தடவையும், வேண்டாம்!

மூன்றாவது தடவையும் வேண்டாமென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன்னோடு உட்கார்ந்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

வெர்லினுக்கு நெஞ்சு வலித்தது. அந்த அம்மாளைப் பிடித்துப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சொல்லத்தான் தெரியவில்லை. இதற்கு நடுவில் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கிளெனிஸ் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா கோரின் அரிசோனாவிலிருந்து போன் பண்ணா. வீட்டை வித்துட்டு அவளோடயே வந்துடச் சொல்றா. பின்பக்கம் ஆரஞ்சு மரம் இருக்காம். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

கிளெனிஸ் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அரிசோனாவா" என்றார் வெர்லின். "அங்க பனி இருக்காதே."

"இருக்காது."

"ரோடெல்லாம் நல்லா இருக்கும்."

அட மனுஷா! போகாதீங்க என்று ஒரு வார்த்தை. முழு வாக்கியம்கூட வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை. ரோடு நன்றாக இருக்குமாம்! கேட்ட எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கிளெனிஸ் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோப்பையில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் உறைந்த ஏரியின் நடுவில், மீன் பிடிக்கிற மரக் குடிசைக்குள் வெர்லினும் ஆர்டிஸின் தம்பி டெல்மரும் ஐஸ் ஓட்டைக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். டெல்மர் கையில் வெர்லின் ஃப்ளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த காபி.

"என்ன மச்சான், மீனு கடிக்கலைன்னதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றார் டெல்மர்.

"மீனை விடு. கிளெனிஸ் ரெண்டாவது கப் வேணாம்னுட்டாங்க."

"மூணு தடவை கேட்டியா?"

"கேட்டேன்."

"மூணாவதுக்கும் வேணாம்னாங்களா?"

"ஆமா. நாலாவதும் கேட்டுப் பாத்தேன்."

"நாலாவதா!" டெல்மர் தூண்டிலையே விட்டுவிட்டார். "வெக்கங்கெட்ட மனுஷா, நாலாவது தடவை யாராவது கேப்பாங்களா? அவங்க என்ன நெனச்சிருப்பாங்க?"

"தெரியல. என்னைப் பிடிக்கலைன்னு தெரியுது. ஞாயித்துக்கிழமை வந்தா அரிசோனாவுக்குச் சரின்னு சொல்லிடுவாங்க. அவ்வளவுதான் மச்சான்."

சொல்லிவிட்டு வெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த நொடியில் டெல்மர் கையிலிருந்த காபியை ஓசைப்படாமல் ஐஸ் ஓட்டைக்குள் ஊற்றினார். ஐந்து குளிர்காலமாக இப்படித்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அந்த ஓட்டையில் மீன் கடிக்காததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார். மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

"காத்து வடக்கால திரும்புது போல" என்றார்.

பெரிய உதவி!

சனிக்கிழமை மகள் ஜனெல் மினியாபோலிஸிலிருந்து போன் செய்தாள். மகளிடம் கிளெனிஸ் பேச்சை எடுக்க வெர்லினுக்குக் கூச்சம். அதனால் சுற்றி வளைத்தார்.

"இப்பல்லாம் நம்ம ஊர்ல ஜனங்க காபி குடிக்கறதையே கொறச்சுட்டாங்கம்மா. யாரும் ரெண்டாவது கப் கேக்கறதில்ல."

"அப்பா, நீங்க காபியை எங்க வைக்கறீங்க?"

"ஃப்ரீசர்லதான்."

"காபிக்கு நாலு பேரு ஆகாதுப்பா. காத்து, வெளிச்சம், ஈரம், சூடு."

"அந்த நாலும் இல்லாத இடம்தாம்மா ஃப்ரீசர்."

"தெனம் வெளிய எடுத்துத் தெறந்து உள்ள வெச்சா ஈரம் ஏறாதா? குளிர்லேந்து வீட்டுக்குள்ள வந்தா உங்க கண்ணாடி என்ன ஆகுது?"

"புகை மூடிக்கும்."

"அதேதான் காபிக்கும். ஃப்ரீசர்லதான் வைக்கணும்னா காத்து புகாம சின்னச் சின்னப் பொட்டலமா கட்டி வைக்கணும். ஒண்ண எடுத்தா குளிர் முழுக்க விட்டப்புறம் பிரிக்கணும். பிரிச்சா திரும்ப உள்ள வைக்கவே கூடாது. அப்புறம் இன்னொண்ணு. பக்கத்துல என்ன இருக்கோ அதோட வாசத்தைக் காபி இழுத்துக்கும்பா."

"பக்கத்துல ஒண்ணும் இல்லையே. மீனுதான் இருக்கு."

ஜனெல் நகரத்துக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனால் பிறந்தது நோர்டாலில். "சரிப்பா" என்றாள். "புதுசா வறுத்த கொட்டை ஒரு பை அனுப்பறேன். இதை மட்டும் ஃப்ரீசர்ல வைக்காம, காத்து படாம இருட்டா ஒரு இடத்துல வைங்க. போடறப்ப அப்பப்ப அரைச்சுக்குங்க. ரெண்டு மூணு வாரத்துல தீத்துடுங்க."

"ஏம்மா, என் காபில ஏதாவது கொறையா?"

"சேச்சே, சும்மாதான்ப்பா."

செவ்வாய்க்கிழமை பை வந்தது. வெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஊசியால் குத்தினது போலத் துளைகள். அவருக்கு மகளை நினைத்துப் பாவமாக இருந்தது. நகரத்துக் கடைக்காரன் ஓட்டைப் பையைத் தலையில் கட்டிவிட்டானே! காற்று ஆகாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். வெர்லின் பனி வண்டியின் பாதி உடம்பை வெள்ளி நிற டேப்பால் ஒட்டியே ஓட்டிய மனிதர். ஓட்டையின் மேல் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று பையைச் சுற்றி இரண்டு சுற்று. பிறகு இருட்டான இடம் தேடி, கீழ்த்தளத்தில் கணப்பு இயந்திரத்துக்குப் பக்கத்து அலமாரியில், ஊறுகாய் ஜாடிகளோடு வைத்தார். சூடு ஆகாது என்று சொன்னது ஞாபகத்தில் இல்லை. நாலில் மூன்று ஞாபகம் இருந்ததே பெரிய விஷயம்.

வியாழக்கிழமை மத்தியானம் பீட்ரூட் ஊறுகாய் எடுக்கக் கீழே போனவர் விளக்கைப் போட்டதும் அப்படியே நின்றார். பை வீங்கியிருந்தது. சாதாரண வீக்கம் இல்லை, தலையணை மாதிரி உப்பி, டேப்பெல்லாம் விறைத்து, தொட்டால் வெடிக்கிற பதத்தில் இருந்தது.

எங்கள் ஊரில் கோடை முழுக்க எல்லோர் வீட்டிலும் காயும் பழமும் வேகவைத்து ஜாடியில் அடைப்பார்கள். அதனால் நடக்கப் பழகுவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. மூடி வீங்கினால் உள்ளே விஷம். திறக்காதே, முகராதே, நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்று நினைக்கக்கூட நினைக்காதே. வெர்லினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்பக்கமாகவே நடந்து படியேறி டெல்மருக்குப் போன் செய்தார்.

டெல்மர் ஐந்து நிமிடத்தில் வந்து நின்றார். முகத்தில் பேரனுடைய ஹாக்கி முகமூடி, கையில் ஐஸ் உடைக்கிற கடப்பாரை.

"எங்க அது?"

"கீழ. மச்சான், பாத்து. ஜனெல் அனுப்புன காபி. ரெண்டே நாள்ல விஷமாயிடுச்சு."

"ஃப்ரீசர்ல வெச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்! யாரு கேக்கறா!"

நீளக் காம்பு வைத்த மீன் வலையில் பையைக் கோரி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் படியேறினார்கள். ஊறுகாய் ஜாடி ஒன்று உருண்டதற்கு டெல்மர் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதை எழுத முடியாது. பின்வாசலில் பனியின் நடுவே பையை இறக்கி வைத்தார்கள். வெர்லின் பனி தள்ளும் மண்வாரியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின்னால் டெல்மர் ஒளிந்துகொண்டு கடப்பாரையை நீட்டினார்.

"குத்தட்டுமா?"

"இரு. கண்ணை மூடிக்கறேன்."

"நீ மூடிக்கிட்டா என்னை யாரு பாத்துக்கறது?"

"நீயும் மூடிக்க."

"மூடிக்கிட்டு எப்படி மச்சான் குத்தறது? அறிவு இருக்கா?"

முதல் குத்து பனியில் விழுந்தது. இரண்டாவது வெர்லினின் பூட்ஸில். மூன்றாவது பையில் இறங்கியது. புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் பனியில் குப்புற விழுந்தார்கள்.

விழுந்து கிடந்தவர்களின் மூக்கில் ஒரு வாசம் ஏறியது. டெல்மர் மெதுவாக முகமூடியைத் தூக்கினார். "விஷம் இவ்வளவு நல்லாவா இருக்கும்?" என்றார்.

அந்த நேரத்தில்தான் கிளெனிஸ் வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அன்று வெர்லின் சர்ச்சுக்கு வரவில்லையே என்று பார்க்க வந்தவர் கையில் எலுமிச்சைக் கேக் இருந்தது. இரண்டு கிழவர்கள் பனியில் குப்புறக் கிடப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூக்கை உயர்த்தி நின்றார்.

"வெர்லின், என்ன வாசம் இது?"

"கிட்ட வராதீங்க கிளெனிஸ்! வெஷம்!" வெர்லின் படுத்தபடியே கத்தினார்.

கிளெனிஸ் நேராக நடந்து வந்தார். கேக்கை டெல்மர் முதுகின் மேல் வைத்தார். பையை எடுத்துக் கிழிசலில் மூக்கை நுழைத்து, தோள் உயர மூச்சு இழுத்தார். பிறகு டேப்பை உரித்து, கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

"வறுத்த காபி கொஞ்ச நாளைக்கு மூச்சு விட்டுக்கிட்டே இருக்குமாம். அது வெளிய போகத்தான் இந்த ஓட்டை. காத்து வெளிய போகும், உள்ள வராது. நீங்க அதோட மூக்கை அடைச்சு வெச்சிருக்கீங்க."

"ஓ" என்றார் வெர்லின்.

"போடுங்க" என்றார் கிளெனிஸ்.

"என்னது?"

"இந்தக் காபியைப் போடுங்க. இப்பவே."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே ஒரு பெண் தானாகக் காபி கேட்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு தடவைகூட வேண்டாமென்று சொல்லவில்லை!

வீட்டில் அரைக்கிற இயந்திரம் இல்லை. மான் கறி அரைக்கிறது இருந்தது. வெர்லின் அதை எடுக்கப் போனபோது கிளெனிஸ் "கூடாது" என்று போட்ட போடில் அதை அப்படியே வைத்துவிட்டார். கடைசியில் கொட்டையைத் தலையணை உறையில் போட்டு, டெல்மர் தரையில் உட்கார்ந்து சுத்தியலால் நொறுக்கினார். கிளெனிஸ் தானே காபி போட்டார். மூன்று கோப்பை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

கிளெனிஸ் முதல் கோப்பையைக் குடித்து முடித்தார். அடி தெரிகிறவரை. தானே எழுந்து போய் இரண்டாவதை ஊற்றிக்கொண்டு வந்தார். டெல்மர் குடித்தார், கண்ணை மூடினார், மறுபடி குடித்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அக்கா வீட்டுச் சமையலறையில் ஊற்றுவதற்கு ஓட்டை தேடாமல் உட்கார்ந்திருந்தார்.

வெர்லின் ஒரு மடக்கு குடித்து நாக்கில் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு மடக்கு.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா ஏதோ ஒண்ணு கொறையுது. என்னன்னு தெரியல."

"மீனு" என்றார் கிளெனிஸ்.

டெல்மர் கூரையை ஆராய ஆரம்பித்தார். வெர்லின் கிளெனிஸைப் பார்த்தார், கராஜ் கதவைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். அவருடைய காது நுனியிலிருந்து சிவப்பு இறங்கிக் கழுத்து வரை போயிற்று.

"எத்தனை நாளா?" என்றார் ஒருவழியாக.

"ஆர்டிஸ் போனதுலேந்து."

"டெல்மர், உனக்குமா தெரியும்?"

"எனக்கு மீனு பிடிக்கும் மச்சான்" என்று மென்று முழுங்கினார் டெல்மர்.

"உங்க காபி சகிக்கல வெர்லின்" என்றார் கிளெனிஸ். சின்னக் குரல்தான். ஆனால் ஒருமுறை திறந்துகொண்ட பிறகு அவருக்கே மூட முடியவில்லை. "வாய்ல வைக்க முடியல. பாத்திரம் கழுவுன தண்ணில தூண்டில் புழுவைப் போட்ட மாதிரி இருக்கு. சர்ச்சுக்கு நீங்க குடுக்கற காபிப் பையெல்லாம் என்ன ஆகுதுன்னு நெனச்சீங்க? ரோஜாச் செடிக்குப் போடறாங்க. பூனைங்க வந்து செடியைத் தோண்டுது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வீட்டுக்குப் போய் நான் ரெண்டு தடவை பல்லு வெளக்கறேன்!"

நோர்டால் ஊர் தோன்றின நாளிலிருந்து யாரும் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். டெல்மர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். போகவும் மனசில்லை, இருக்கவும் தைரியமில்லை, அந்தப் பாதியிலேயே நின்றார்.

"அதனாலதான் ரெண்டாவது கப்..." என்றார் வெர்லின்.

"அதனாலதான்."

"என்னைப் பிடிக்காததனால இல்ல?"

"பிடிக்காதவ முதல் கப்பைக் குடிப்பாளா அதை?"

வெர்லின் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாள் சொல்லாம, இன்னிக்கு ஏன் சொன்னீங்க?"

"ஊரை விட்டுப் போறவளா இருந்தா மோசமில்லைன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்" என்றார் கிளெனிஸ். "இருக்கப் போறவ சொல்லித்தானே ஆகணும்."

இது வெர்லினின் மண்டைக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. டெல்மருக்கு உடனே புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் மச்சானின் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"அப்ப... அப்ப அரிசோனா?" என்றார் வெர்லின். "உங்க அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணுமே. போகாதீங்க கிளெனிஸ். நான் ஃப்ரீசரையே வித்துடறேன். தெனமும் புதுசா கொட்டை வாங்கறேன். சுத்தியல் இருக்கு. போகாதீங்க."

"கோரினுக்கு நேத்தே போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்."

வெர்லின் விரல் விட்டு எண்ணாத குறையாக யோசித்தார். "நேத்தா? நேத்து இந்தக் காபி இல்லையே! நேத்து வரைக்கும் அந்த மீன் காபிதானே!"

"ஆமா" என்றார் கிளெனிஸ். "அதையே கடைசி வரைக்கும் குடிச்சுத் தொலைக்கலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்."